பக்குவம் யார் கையிலே?

விடிந்தும் விடியாத வேளை. மரக்காணத்து உப்பளம். ஒரு பக்கம் கடல் இரைகிறது. இன்னொரு பக்கம், சென்னைக்கும் புதுவைக்கும் ஓடுகிற வண்டிகள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலே இரைகின்றன. நடுவே வரப்பின் மீது வெறுங்காலோடு நிற்கிறார் ஒரு பெரியவர். கையிலே ஒரு கண்ணாடிக் குழல். பாத்தித் தண்ணீரைக் குவளையில் முகந்து, குழலை அதிலே மிதக்கவிட்டு, கண்ணை இடுக்கிப் பார்க்கிறார். "இருபத்துமூணு. இன்னும் ரெண்டு நாள் காயணும்" என்கிறார். அவ்வளவுதான். தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. மேல் முறையீடு கிடையாது!

இருபத்து மூன்று என்பது டிகிரிக் கணக்கு. போமே என்ற பிரெஞ்சுக்காரர் பெயரால் வழங்குவது. கடலிலிருந்து வரும்போது தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரிதான் காட்டும். வெயிலிலும் காற்றிலும் காய்ந்து காய்ந்து அது ஏறும். ஏறுகிற வழியிலே முதலில் சுண்ணாம்பு படியும். பிறகு ஜிப்சம் படியும். 25 டிகிரியை ஒட்டித்தான் உப்பு மலரத் தொடங்கும். முன்னதாகவே பாத்திக்கு ஏற்றினால் உப்போடு ஜிப்சம் சேரும். 29, 30 வரை விட்டுவைத்தாலோ மெக்னீசியம் உப்புகள் கூடி, கசப்பும் ஈரமும் ஒட்டிக்கொள்ளும். சந்தையிலே விலை விழும். இந்த நாலைந்து டிகிரிக்குள்ளேதான் உப்பளத் தொழிலாளியின் பக்குவம் இருக்கிறது. குழல் உடைந்து போனாலும் பெரியவர் பக்குவம் சொல்வார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்வார். காலை வைத்தே சொல்வார்.

அந்தப் பெரியவரின் பேரன் பக்கத்திலே நின்றான். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு. பாத்தியிலே இறங்காமல் பிள்ளை பிழைத்துப் போகட்டும் என்று குடும்பமே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படிக்க வைக்கிறது. அவன் கேட்டான்:

"ஐயா, இனிமே ராக்கெட் எஞ்சினையே அச்சடிக்கிறாங்களாமே! பத்தவைக்கிற வேலையே இருக்காதாமே! நான் படிக்கறது வீணா?"

உடன் வந்த சங்கத் தோழர் நம்மைப் பார்த்தார். நாம் பெரியவரைப் பார்த்தோம். மேடையிலே நின்று, "எந்திரம் வாழ்க, எந்திரத்தை ஏவும் முதலாளி ஒழிக" என்று முழங்குவது எளிது, தோழர்களே! கைதட்டலும் கிடைக்கும். வெல்டர் படிக்கிற பிள்ளைக்குப் பதில் சொல்வது அவ்வளவு எளிதல்ல. ஆகவே விசாரித்தோம், கணக்கும் போட்டோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

பையன் கேள்விப்பட்டது கட்டுக்கதையல்ல. நம் நெல்லைச் சீமையிலே, மகேந்திரகிரியிலே நடந்தது. 2024 மே 9ஆம் நாள், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் பி.எஸ்.4 என்னும் எஞ்சினை அங்கே 665 விநாடி எரித்துச் சோதித்தது. பி.எஸ்.எல்.வி. இராக்கெட்டின் நாலாவது அடுக்கை உந்தும் எஞ்சின் அது. புதிதாக வடிவமைத்த எஞ்சினல்ல. பல காலமாகப் பறந்து பழகியதுதான். ஆனால் செய்த விதம் புதிது. உலோகத் தூளைப் பரப்பி, லேசர் கதிரால் உருக்கி, படலத்தின் மேல் படலமாக எழுப்பியிருக்கிறார்கள். உருவாக்கியது விப்ரோ 3டி நிறுவனம். பழைய முறையிலே 14 உறுப்புகளாகச் செய்து இணைத்தது, இப்போது ஒரே உறுப்பு. 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமலே போயின! முன்பு ஓர் எஞ்சினுக்கு 565 கிலோ காய்ச்சி அடித்த உலோகமும் தகடும் தேவைப்பட்டன, இப்போது 13.7 கிலோ தூள் போதும். செய்து முடிக்கும் காலத்திலே 60 சதவிகிதம் மிச்சம். இவ்வளவையும் சொல்வது நாமல்ல, அந்த நிறுவனமே அறிவித்தது.

சென்னையிலே இன்னொன்று. கிண்டியை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தோடு சேர்ந்து வளர்ந்த அக்னிகுல் என்னும் நிறுவனம், ஒரே துண்டாக அச்சடித்த எஞ்சினைப் பூட்டிய இராக்கெட்டை, 2024 மே 30 காலையிலே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிக் காட்டியது. பல முறை ஏற்பாடு செய்து, பல முறை நிறுத்தி, கடைசியிலே பறந்தது. இளைஞர்களின் ஊக்கத்தைப் பாராட்டத்தான் வேண்டும். பாராட்டுகிறோம்.

565 கிலோ எங்கே, 13.7 கிலோ எங்கே! இந்தக் கணக்கைக் கேட்டவுடனே சிலர், பாக்கி 551 கிலோவும் குப்பைக்குப் போனது போலப் பேசுகிறார்கள். அது சரியல்ல. கடைசலில் சீவி எறிந்த சுருள்களைத் திரும்ப உருக்கலாம். தூள் செய்வதற்கும் உலோகத்தை உருக்கி, வேகமான வாயுவால் அடித்துச் சிதறடிக்க வேண்டும். அதற்கும் செலவு உண்டு. இருந்தாலும் சிக்கனம் பெரிதுதான். மறுப்பதற்கில்லை.

சரி, எப்படி நடக்கிறது இந்த வேலை? உப்பளத் தோழர்களுக்கு விளக்குவது கடினமல்ல. இதுவும் ஒரு பாத்திதான்!

காற்றுப் புகாத ஒரு பெட்டி. உள்ளே பிராண வாயுவை வெளியேற்றி ஆர்கான் வாயுவை நிரப்பிவிடுகிறார்கள். நடுவிலே ஒரு தட்டு. அதன் மேல் ஒரு பலகை போன்ற தகடு நகர்ந்து, உலோகத் தூளை மெல்லிய படலமாக வாரிப் பரப்பும். தூளின் ஒவ்வொரு மணியும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றரைப் பங்கிலிருந்து நாலரைப் பங்கு வரை. படலத்தின் கனமும் அந்த அளவே: 0.03, 0.04 மில்லிமீட்டர். மேலிருந்து லேசர் கதிர் வந்து, உறுப்பின் குறுக்கு வெட்டு எப்படியோ அப்படியே கோடு கோடாக ஓடி, தூளை உருக்கும். உருகியது கண்சிமிட்டும் நேரத்துக்குள் உறையும். தட்டு ஒரு படலம் கீழே இறங்கும். மறுபடி தூள், மறுபடி கதிர். 40 செண்டிமீட்டர் உயரமான உறுப்புக்கு இப்படிப் பத்தாயிரம் முறை! பருவம் தொடங்குமுன் பாத்தியை மிதித்து மிதித்துச் சமன் செய்கிறீர்களே, ஏன்? தரை மேடுபள்ளமானால் உப்பும் மேடுபள்ளமாகும். அங்கேயும் அதே கவலை. தூள் ஓரிடத்தில் குறைந்து, ஓரிடத்தில் குவிந்தால் உறுப்பு கெட்டது.

கதிரின் வலுவைச் சொன்னால் வியப்பாக இருக்கும். 285 வாட். ஒரு மிக்ஸி எடுத்துக் கொள்வதைவிடக் குறைவு. ஆனால் அவ்வளவும் 0.1 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளியிலே இறங்குகிறது. கணக்குப் போட்டால், சதுர மில்லிமீட்டருக்கு 36,000 வாட்டுக்கு மேல்! உச்சி வெயில் மரக்காணத்துப் பாத்தியிலே சதுர மில்லிமீட்டருக்கு ஓர் ஆயிரத்தில் ஒரு வாட்தான் கொட்டுகிறது. அதைப்போல் மூன்றரைக் கோடி மடங்கு. ஓர் ஊசி முனையிலே மூன்றரைக் கோடிச் சூரியன்!

இனித்தான் பக்குவம் வருகிறது. அந்த எந்திரத்திலே திருப்பவேண்டிய திருகுகள் பல உண்டு. தலையாயவை நான்கு. கதிரின் வலு எவ்வளவு? கதிர் ஓடும் வேகம் எவ்வளவு? ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளி எவ்வளவு? படலத்தின் கனம் எவ்வளவு? நிக்கல் கலவை ஒன்றுக்குப் பலரும் தொடங்கும் அளவு இது: 285 வாட் வலு, விநாடிக்கு 960 மில்லிமீட்டர் ஓட்டம், 0.11 இடைவெளி, 0.04 கனம். வலுவை மற்ற மூன்றின் பெருக்கலால் வகுத்தால், ஒரு கன மில்லிமீட்டருக்கு எவ்வளவு சூடு ஊட்டுகிறோம் என்பது வரும். 960ஐ 0.11ஆல் பெருக்கி, அதை 0.04ஆல் பெருக்கினால் நான்கேகால் ஆகும், ஏறக்குறைய. 285ஐ அதனால் வகுத்தால் அறுபத்தேழரை ஜூல். இதைத்தான் பொறியாளர்கள் சக்தி அடர்த்தி என்கிறார்கள். உப்பளத்து டிகிரி மாதிரி ஒரே ஓர் எண்ணிலே பக்குவத்தைச் சொல்லப் பார்க்கிறார்கள்.

குறைந்தால் என்ன? உழவைப் பாருங்கள். சாலுக்குச் சால் நெருங்கி விழுந்தால்தான் மண் முழுதும் புரளும். அகல விழுந்தால் நடுவே உழாத மண் கட்டியாய் நிற்கும். 'அகல உழுவதை ஆழ உழு' என்று சும்மாவா சொன்னார்கள்? கதிர் உருக்கும் சால் போதிய ஆழமில்லாவிட்டால் கீழ்ப் படலத்தோடு ஒட்டாது. போதிய அகலமில்லாவிட்டால் பக்கத்துச் சாலோடு ஒட்டாது. நடுவிலே உருகாத தூள் சிறைப்பட்டுக் கிடக்கும். அந்தப் பொந்தின் ஓரங்கள் கூர் கூராக இருக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று மின்னும் உறுப்பு, உள்ளே விரிசலுக்கு விதை தூவப்பட்ட உறுப்பு!

மிகுந்தால்? உலோகம் உருகுவதோடு நில்லாமல் கொதித்து ஆவியாகிறது. ஆவியின் அழுத்தம் உருகிய குளத்தைக் குடைந்து, சாவித் துவாரம் போல ஆழக் குழி போடுகிறது. குழி திடீரென்று மூடிக்கொண்டால் அடியிலே உருண்டையான குமிழி அகப்பட்டுக் கொள்ளும். அறுத்து மெருகேற்றி உருப்பெருக்கியிலே பார்க்கிறவர்கள், பொந்தின் வடிவத்தைக் கொண்டே குற்றவாளியைக் கண்டுபிடிக்கிறார்கள். கோணல்மாணலாக இருந்தால் சூடு பற்றவில்லை. உருண்டையாக, ஆழத்திலே இருந்தால் சூடு மிஞ்சிவிட்டது. உப்பிலே ஜிப்சமா கசப்பா என்று நாக்கிலே வைத்துப் பெரியவர் சொல்வதும் இதே ஆராய்ச்சிதான்.

ஆனால் ஒரே எண்ணை நம்பினால் மோசம் போவோம். இதை நம் தோழர்கள் நன்றாக மனத்திலே வாங்கிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் பட்டறைச் சண்டை நாளைக்கு இந்த இடத்திலேதான் நடக்கப்போகிறது. "எந்திரம் மெதுவாக ஓடுகிறது, உற்பத்தி போதவில்லை" என்று ஒரு மேலாளர் வருவார். "வேகத்தை இரண்டு மடங்காக்கு, வலுவையும் இரண்டு மடங்காக்கு, வகுத்துப் பார், அதே அறுபத்தேழரைதானே?" என்பார். கணக்கு சரி. உலோகம் ஒப்புக்கொள்ளாது! குழி விழும் போக்கு, வலுவோடு நேராக ஏறுகிறது. வேகத்தால் குறைவதோ அதன் வர்க்கமூல அளவுக்குத்தான். ஆகவே இரண்டையும் இரட்டித்தால் குழி விழும் போக்கு அதே இடத்தில் நிற்காமல், ஏறக்குறைய 1.4 மடங்காகிறது. உருகிய குளமும் நீண்டு மெலிந்து, ஓலைமேல் ஓடும் நீர் முத்து முத்தாக உடைவதைப் போல உடைகிறது. துளிகள் தெறித்துப் பக்கத்துத் தூளிலே விழுந்து கிடக்கும்; அடுத்த படலத்திலே அவை குற்றமாக முளைக்கும். காகிதத்திலே சரியான எண், பெட்டிக்குள்ளே கெட்ட உறுப்பு. பிறகு யார் மேல் பழி விழும்? மேலாளர் மேலா? எந்திரத்தடியிலே நிற்கிறவன் மேல்தான்!

இன்னும் உண்டு. சூடேறி ஆறும் உலோகம் சுருங்கும். ஒவ்வொரு படலமும் கீழே உள்ளதை இழுக்கும். காய்ச்சிய எண்ணெயிலே அப்பளம் சுருள்வதைப் போல உறுப்பின் ஓரம் மேலே சுருண்டு எழும்பி, தூள் வாரும் தகட்டிலே மோதி, வேலையே நின்றுபோவதுண்டு. அதற்காகக் கோடுகளின் திசையைப் படலத்துக்குப் படலம் திருப்புகிறார்கள். 67 டிகிரி திருப்புவது வழக்கம். அப்படித் திருப்பினால் பழைய கோட்டின் மேலேயே கோடு விழ நெடுநேரமாகும். தட்டை முன்னதாகவே சூடாக்குகிறார்கள். முடிந்த பிறகு உலையிலே வைத்து இழுவிசையைத் தணிக்கிறார்கள். எஞ்சினின் சுவருக்குள்ளே எரிபொருள் ஓடிக் குளிர்விக்கும் மெல்லிய வாய்க்கால்கள் உண்டு. அவற்றின் கூரை, தூளின் மேல் தொங்குகிறது. தூளுக்குச் சூட்டைக் கடத்தும் திறம் குறைவு. ஆகவே அந்தக் கூரையை உருக்கத் தனி அளவு, ஓரத்துக்குத் தனி அளவு, உள்வயிற்றுக்குத் தனி அளவு. ஒரே எஞ்சினுக்குள் எத்தனை பக்குவம் பாருங்கள்!

இந்த அளவுகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஞானதிருஷ்டியால் அல்ல. செய்து செய்து, கெடுத்துக் கெடுத்து! விரற்கடை அளவுச் சிறு கட்டிகளை ஒரே தட்டிலே வரிசையாக எழுப்பி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு கொடுத்து, எண் போட்டு, அறுத்துப் பார்க்கிறார்கள். தண்ணீரிலே எடை போட்டு அடர்த்தி கணிக்கிறார்கள். ஆர்க்கிமிடீஸ் காலத்து வித்தை இன்னும் வேலை செய்கிறது. நான்கு திருகுகளையும் மும்மூன்று நிலையில் வைத்துப் பார்ப்பதென்றால் 81 கட்டிகள் வேண்டும். தாகுச்சி என்ற ஜப்பானிய அறிஞரின் அட்டவணை கொண்டு, பொறுக்கி எடுத்த 9 கட்டிகளிலேயே எந்தத் திருகு முக்கியம், எது முக்கியமல்ல என்று போக்கு அறிந்துவிடலாம். பிறகு அந்த வட்டாரத்திலே நெருங்கித் தேடலாம். ஆனால் ஒன்று: திருகுகள் ஒன்றையொன்று சீண்டும் குணமுள்ளவை, வலுவைக் கூட்டினால் சரியான வேகமும் மாறும். ஒன்பதோடு நிறைவடைந்தவன் ஏமாந்தான். மகேந்திரகிரியிலும் எடுத்த எடுப்பில் 665 விநாடி எரிக்கவில்லை. எரிக்காமல் நீர்மம் ஓடவிட்டுச் சோதித்தார்கள். நான்கு முறை எரித்தார்கள், நான்கும் சேர்த்து 74 விநாடிதான். அதன் பிறகே நெடுஞ்சோதனை.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம்.

19 வெல்டிங் இணைப்புகள் போயின என்றார்கள். உண்மை. அவற்றோடு அந்த இணைப்புகளைப் பத்தவைத்த கைகளின் வேலையும் போயிற்று என்பதும் உண்மைதான். மழுப்ப வேண்டாம். ஆனால் அந்த ஒற்றை உறுப்பு எதனால் ஆனது? தூளை உருக்கிக் கோடு கோடாக ஒட்டவைத்ததால் ஆனது. அதற்குப் பெயர் என்ன? வெல்டிங்! நாம் ஒரு கணக்குப் போட்டோம். இது நம் கணக்கு, விண்வெளி நிறுவனத்தின் கூற்றல்ல. 13.7 கிலோவும் மேலே சொன்ன நிக்கல் கலவையாகவும், அதே அளவுகளில் ஒரே கதிரால் உருக்கியதாகவும் வைத்துக்கொண்டால், கதிர் ஓடும் கோட்டின் மொத்த நீளம் 380 கிலோமீட்டர்! சென்னையிலே தொடங்கினால் திருச்சியைத் தாண்டிப் போய்விடும். தூள் பரப்பும் நேரம் போக, கதிர் ஓடுவதற்கு மட்டும் நூற்றுப்பத்து மணி நேரம். பத்தொன்பது இணைப்பை எடுத்துவிட்டு, முந்நூற்று எண்பது கிலோமீட்டர் இணைப்பை வைத்திருக்கிறார்கள். எஞ்சின் முழுவதுமே வெல்டிங்!

வெல்டருக்குத் தெரிந்தது எது? உருகிய குளத்தின் நடத்தை. கையை மெதுவாக நகர்த்தினால் ஓட்டை விழும், வேகமாக நகர்த்தினால் ஒட்டாது, ஈரமான ராடு குமிழி போடும், ஒரே பக்கம் பத்தவைத்தால் தகடு வளையும்: இத்தனையும் அவன் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. மேலே நாம் சொன்ன குற்றங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். எது அவனுக்குப் புதிது? குளம் சிறியதாகிவிட்டது, கைக்குப் பதில் கண்ணாடி கதிரைத் திருப்புகிறது. எண்ணிலே சொல்லப் பழகவேண்டும். அவ்வளவுதான் பாக்கி. அது சின்ன வேலை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வெல்டிங்கே அறியாத ஒருவன் அந்தப் பெட்டி முன் உட்காருவதைவிட, அறிந்தவன் உட்காருவது ஆயிரம் மடங்கு மேல்.

உட்கார விடுவார்களா என்பதுதான் கேள்வி. சங்கடம் எந்திரத்திலே இல்லை, பூட்டிலே இருக்கிறது. எந்திரம் விற்கும் நிறுவனங்கள் பல, பக்குவ அளவுகளைப் பூட்டியே விற்கின்றன. இன்ன உலோகத்துக்கு இன்ன அளவு, தொடாதே! திறந்து பார்க்க வேண்டுமானால் தனிப் பணம். அளவுகள் எங்கள் சொத்து என்கிறார்கள். அவர்களும் செலவழித்துத்தான் கண்டார்கள், ஒப்புக்கொள்வோம். ஆனால் பூட்டிய பெட்டியின் முன் நிற்கும் தொழிலாளி என்ன ஆகிறான்? பொத்தானை அமுக்குகிறவன் ஆகிறான். தூள் கொட்டுகிறவன், கழுவுகிறவன் ஆகிறான். ஏன் கெட்டது என்று அறிய அவனுக்கு வழியில்லை. அறிய வழியில்லாதவனுக்குக் கூலி உயர வழியுண்டா? டிகிரிக் குழலைத் தன் பையிலே வைத்துக்கொண்டு, "தண்ணீரைப் பற்றி உனக்கென்ன, வாரு" என்று ஒரு முதலாளி சொன்னால், இந்தப் பெரியவரின் ஐம்பதாண்டு அறிவு அன்றைக்கே செத்தது.

2022 பிப்ரவரியிலே இந்திய அரசு இந்தத் தொழிலுக்கென ஒரு தேசியத் திட்ட அறிக்கை வெளியிட்டது. உலக வாணிபத்திலே 5 சதவிகிதம் பிடிக்க வேண்டும், ஓர் இலட்சம் பேருக்குத் தொழில் பழக்க வேண்டும் என்றெல்லாம் குறித்து, 2025 என்று கெடுவும் வைத்தது. தமிழ்நாட்டிலே 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய்ச் செலவில் டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புதுத் தொழில் நுட்ப நிலையங்களாக மாற்றும் வேலையை மாநில அரசு மேற்கொண்டது. நல்ல காரியந்தான். நாம் கேட்பது: அந்த இலட்சத்திலே உப்பளத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்? ஐ.டி.ஐ.யிலே எந்திரத்தைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று காட்டிவிட்டு அனுப்புவதா, அல்லது திருகைத் திருப்பிக் கட்டியைக் கெடுத்துப் பார்க்க விடுவதா? பொதுப் பணத்திலே ஆய்வுக்கூடங்கள் கண்டறியும் அளவுகள் தமிழிலே, ஒரு சிறு கைப்புத்தகமாக, நாலணா விலையில் என்று சொல்ல அந்தக் காலமில்லை, சும்மாவே கிடைக்குமா? வாங்கும் எந்திரங்களைப் பூட்டில்லாமல் வாங்கு என்று அரசு ஒரு நிபந்தனை போடலாமே! பணம் கொடுக்கிறவனுக்கு அந்த உரிமைகூடவா இல்லை?

உடம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். உப்பின் வெள்ளை ஒளியிலே கண் பூத்துப்போவதையும், காலிலே புண் ஆறாமல் கிடப்பதையும் அறிந்த ஊர் இது. புதுத் தொழில் என்பதால் சுத்தமான தொழில் என்று எண்ணிவிடக் கூடாது. தூள், மூச்சிலே நுழையும் அளவுக்கு நுண்மையானது. நிக்கல் தூள் நுரையீரலுக்குப் பகை. டைட்டேனியம், அலுமினியத் தூள்கள் காற்றிலே பறந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். பெட்டியின் வடிகட்டியிலே படியும் கரி போன்ற புகைப்படிவு, திறந்தவுடன் காற்றுப் பட்டுத் தானே தீப்பிடிப்பதுண்டு. ஆர்கானுக்கு நிறமில்லை, மணமில்லை, காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தங்கும். மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் ஆள் சாய்வான். ஆகவே பிராண வாயு குறைந்தால் அலறும் மணி, முகக்கவசம், நீர் நிரப்பிய உறிஞ்சி, நிலைமின்சாரம் இறங்கத் தரைக் கம்பி: இவை இல்லாத பட்டறையிலே வேலைக்கு இறங்காதீர். சங்கங்கள் ஒப்பந்தத்திலே இவற்றை எழுதி வாங்கவேண்டும். கடற்கரை ஊர்களிலே இன்னொரு தொல்லை, ஈரக்காற்று. பெட்டிக்குள்ளே ஆர்கான் இருந்தாலும், வெளியே திறந்து வைத்த தூள் ஈரம் குடித்துக் கட்டி தட்டும், சமனாகப் பரவாது, அலுமினியமானால் குமிழியும் போடும். ஜெர்மனியிலே கண்ட அளவை இந்தக் கரையிலே அப்படியே ஓட்டுகிறவன், தூள் மூடியைத் திறந்து வைத்துவிட்டு டீக்குடிக்கப் போனால் தீர்ந்தது!

இவ்வளவையும் அந்த வரப்பிலேயே பையனுக்குச் சொல்லவில்லை. மறு வாரம் போனபோது சொன்னோம். நோட்டிலே குறித்துக்கொண்டான். வலுவை வகுக்கும் கணக்கைத் தானே ஒரு முறை போட்டுப் பார்த்தான், அறுபத்தேழரை வந்தது. பிறகு, "ஐயா, படலக் கனத்தைப் பாதியாக்கினா வேகத்தை எவ்வளவு கூட்டணும்?" என்று கேட்டான். எண்ணைப் பார்த்தால் இரண்டு மடங்கு என்றோம். "எண்ணைப் பாத்தான்னா... குளம் என்னா சொல்லும்?" என்றான்.

பெரியவர் அதற்குள் மடையருகே போய்விட்டார். "டேய், பேச்சு போதும். இருபத்தஞ்சு காட்டுது, வா!" என்று குரல் கொடுத்தார். பையன் நோட்டை இடுப்பிலே செருகிக்கொண்டு பாத்தியிலே இறங்கினான்.